முதிய நாய்க்குச் சத்திரசிகிச்சை: வயதை மாத்திரம் கொண்டு தீர்மானிக்கலாமா?

நாய் நன்றியுள்ள பிராணி என்று பாடசாலைக் காலத்தில் கட்டுரை எழுதிப் பழகியவர்கள் நாம். அந்த நாய்க்கு முதுமையும் நோயும் ஒருங்கே வந்து சேரும்போது என்ன செய்வது என்று அக்கட்டுரைகள் எதுவும் கூறியதில்லை. பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிய நாயொன்றுக்குச் சத்திரசிகிச்சை அவசியம் என மிருக வைத்தியர் கூறியதும் பெரும்பாலான வீடுகளில் எழும் முதற் கேள்வி, 'இந்த வயதில் இது தாங்குமா?' என்பதேயாகும். கேள்வி நியாயமானதுதான். ஆயினும் அது பாதிக் கேள்வி. சத்திரசிகிச்சை செய்யாது விட்டால் அது தாங்குமா என்பது மற்றைய பாதி.

மயக்க மருந்து குறித்த அச்சமே இங்கு முதன்மையானது. பிரித்தானியாவில் சுமார் 98,000 நாய்களை உள்ளடக்கி மேற்கொள்ளப்பட்டு, 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, ஆரோக்கியமான நாய்களில் ஏறத்தாழ 1,850 இற்கு ஒன்றும் நோயுற்றவற்றில் 75 இற்கு ஒன்றும் மயக்க மருந்துடன் தொடர்புடைய காரணங்களால் இறந்துள்ளன. முதுமையும் ஆபத்தைக் கூட்டவே செய்கின்றது. எனினும் நோயின் கடுமையும் அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்ய நேர்வதும் புறக்கணிக்க முடியாத காரணிகளாகும். வசதிகள் வேறுபடும் நமது நாட்டுக்கு இவ்வெண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது. ஆனால் அவ்வாய்வு கூறும் வேறொரு செய்தி எங்கும் பொருந்தும். அம்மரணங்களில் ஏறக்குறைய அரைவாசி நிகழ்ந்தது சத்திரசிகிச்சை முடிந்த பின்னராகும். அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணித்தியாலங்களுக்குள் நிகழ்ந்தவை. ஆகவே கத்தியைப் பிடிப்பவர் யார் என்று விசாரிப்பவர்கள், நாய் கண்விழிக்கும் வரை அதன் அருகில் இருப்பவர் யார் என்பதையும் விசாரித்தல் வேண்டும். இதனைக் கேட்பதற்கு நம்மவர்கள் ஏனோ கூச்சப்படுகின்றனர்.

தாமதமே ஆபத்தாகும் நோய்களும் உள்ளன. கருத்தடை செய்யப்படாத, வயது முதிர்ந்த பெண் நாய்களின் கருப்பையில் சீழ் கட்டும் நோய் அவற்றுள் ஒன்று. கருத்தடை செய்யும் வழக்கம் குறைவாயிருந்த சுவீடனில், பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்கு இந்நோய் ஏற்பட்டமை பதிவாகியுள்ளது. இனச்சேர்க்கைப் பருவம் கழிந்து சில வாரங்களில் நாய் சோர்வடையும், உணவை மறுக்கும், வழமைக்கு மாறாகத் தண்ணீர் குடிக்கும். கருப்பையின் வாய் மூடியிருப்பின் சீழ் வெளியே தெரியாது. அத்தகைய நிலையே மிக ஆபத்தானது. இங்கு 'வயதாகிவிட்டது, பார்ப்போம்' என்று ஒரு வாரம் பொறுப்பது, இன்று நல்ல நிலையில் செய்யக்கூடிய சத்திரசிகிச்சையைக் கிருமி குருதியில் பரவிய பின்னர் செய்வதற்கு ஒப்பாகும். கருப்பையை அகற்றிய நாய்களில் மிகப் பெரும்பாலானவை குணமடைகின்றன.

மண்ணீரலில் தோன்றும் கட்டியின் கதை வேறு. வெடித்துக் குருதி கசியத் தொடங்கினால் மண்ணீரலை அகற்றுவதே உயிர் காக்கும் வழி. கட்டி சாதாரணமானதாயின் அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் வாழவும் கூடும். அது ஹிமான்ஜியோசார்கோமா எனப்படும் குருதிக்குழாய்ப் புற்றுநோயாயின், சத்திரசிகிச்சை வெற்றியளித்தாலும் பெரும்பாலும் எஞ்சுவது ஒன்று முதல் மூன்று மாதங்களே. ஸ்கான் பரிசோதனையால் மட்டும் இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியுள்ளதா என்பதை நெஞ்சு எக்ஸ்றே மூலம் முன்கூட்டியே பார்க்கலாம். பரவியிருப்பின் வயிற்றைத் திறக்க வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம்.

முதிய நாயின் இருதயம், சிறுநீரகம், ஈரல் என்பவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் பரிசோதிப்பது எங்கும் உள்ள நடைமுறை. இலங்கையில் இன்னுமொன்று சேர்கின்றது. உண்ணிகளால் பரவும் காய்ச்சல் இங்கு சர்வசாதாரணம். அது இரத்தச்சோகையை உண்டாக்கும். டெங்குக் காய்ச்சலைப் போன்று குருதிச் சிறுதட்டுக்களையும் குறைக்கக்கூடும். அதனை அறியாது சத்திரசிகிச்சை செய்தால் குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். அவசரமில்லாத நிலையில், முதலில் காய்ச்சலைக் குணப்படுத்திவிட்டுச் சில வாரங்களின் பின் சத்திரசிகிச்சை செய்வது நன்று. வசதியுள்ளோர் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் இரண்டாவது அபிப்பிராயம் பெறலாம்.

செலவைப் பற்றிப் பேசுவது அன்பின்மையாகாது. பிள்ளைகளின் படிப்புச் செலவையும் வீட்டு வாடகையையும் எண்ணிப் பார்க்கும் குடும்பத்தவரைக் குற்றவாளிகளாக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை. சத்திரசிகிச்சைக்கு மாத்திரமன்றி, பின்னரான மருந்துகளுக்கும் மீள்பரிசோதனைக்கும் எவ்வளவு ஆகும் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டறிவது அவசியம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பணம் அனுப்பி 'எப்படியாவது காப்பாற்றுங்கள்' என்று கூறுவது எளிது. இரவில் எழுந்து காயத்தைத் துடைப்பவர் இங்கிருக்கும் தாயார். அவரது சொல்லுக்கும் இடமிருத்தல் வேண்டும்.

சத்திரசிகிச்சை வேண்டாமென்று முடிவெடுத்தால் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. உண்கிறதா, வாலசைத்து வரவேற்கிறதா, உதவியின்றி எழுகிறதா என்பவற்றை நாட்காட்டியில் நாள்தோறும் குறித்து வந்தால், வலியின்றி உயிர்பிரியச் செய்யும் ஊசியைப் பற்றி மிருக வைத்தியருடன் பேசவேண்டிய வேளை எதுவென்பது தெரியவரும். அதுவரை வலிநிவாரணி தேவைப்படும். வீட்டிலிருக்கும் இபுபுரூபன் போன்ற மனிதருக்குரிய மாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் சேதப்படுத்தும் என்பதால், நாய்களுக்கென உள்ள மருந்தை மிருக வைத்தியரிடமே கேட்டுப் பெறுதல் வேண்டும்.