ரயில்வேக்காரரும் நெய்யும்

ரயிலே ஓடாத இந்தத் தீவில், டெய்ரி ஃபார்மில், மகன் வீட்டோடு இருக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே என்ஜினியர் நான். சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து பிழைத்தேன். அன்றிலிருந்து மருமகள் என் பருப்புச் சாதத்திற்கு நெய் விடுவதில்லை. (பேட்டையின் பெயரோ பால் பண்ணை!)

வாதாட எங்கள் துறையிலேயே ஓர் ஆய்வு அகப்பட்டது. ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா, நாடெங்கும் ரயில்வே ஊழியர்களின் இருதய நோய் மரணங்களைக் கணக்கெடுத்து 1967-இல் வெளியிட்டார். பால், நெய்க் கொழுப்பைப் பல மடங்கு அதிகம் உண்ட பஞ்சாபிகளைவிடத் தென்னிந்தியரிடம் இந்த மரணம் ஏழு மடங்கு! இறந்தோரின் சராசரி வயது வடக்கே 52, தெற்கே 44.

வெற்றிப் புன்னகையுடன் மருமகளிடம் சொன்னேன்.

"அது ஊர்க் கணக்கு மாமா. வேலை, சாப்பாடு, பழக்கம் எல்லாமே ஊருக்கு ஊர் வேற. ஒரு பாலத்தில் விரிசல் விட்டால் மண்டலத்தின் சராசரியைப் பார்த்தா ரிப்பேர் செய்தீங்க?"

வாயடைத்துப் போனேன். நெய்யிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, இரத்தக் குழாயில் படியும் எல்.டி.எல். கொலஸ்டிராலை ஏற்றும் என்பது இன்று உறுதியான விஷயம். மாரடைப்பு கண்டவருக்கு அது 55-க்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு 118.

மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. ஞாயிறு மட்டும் அரை டீஸ்பூன் நெய். மருமகளே அளந்து விடுகிறாள்.