மின்னிலக்கமா, பண்பலையா? வீட்டு ஸ்பீக்கருக்கு எது சரி?

நான் வானொலிப் படைப்பாளர் என்று தெரிந்ததும் கல்யாண வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டுதான். எந்த நடிகரை நேரில் பார்த்திருக்கிறாய் என்பது ஒன்று. இன்னொன்று அண்மைக் காலமாகக் கேட்கப்படுவது. “வீட்டுல நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருக்கு. அதுல ரேடியோ கேக்க என்னம்மா வாங்கலாம்? டிஜிட்டலா, பழைய எஃப்எம்மா?” முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பந்தி முடியும்வரை பேச வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

மின்னிலக்க வானொலி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று டிஏபி. பண்பலையைப் போலவே கோபுரத்திலிருந்து வானலை வழியாக வருவது, ஆனால் ஒலியை எண்களாக மாற்றி அனுப்புவது. மற்றொன்று இணைய வானொலி. அதற்குக் கோபுரமும் வேண்டாம், ஏரியலும் வேண்டாம்; வைஃபை போதும். கடைக்காரர் “டிஜிட்டல்” என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் சிங்கப்பூரில் டிஏபி இப்போது இல்லை. இருந்தது. மீடியாகார்ப் 1999ல் ‘ஸ்மார்ட்ரேடியோ’ என்ற பெயரில் அதைத் தொடங்கியது. 2011ல் நிறுத்திவிட்டது. பண்பலை நன்றாகவே கேட்கும் ஒரு சின்னத் தீவில், அதே நிலையங்களைக் கேட்க இன்னொரு பெட்டி வாங்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை என்பது என் கணிப்பு. ஆகவே லண்டனிலிருந்து வரும் சித்தப்பா ஆசையாக ஒரு டிஏபி டியூனர் வாங்கி வந்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பண்பலையும் இருந்தால் பயன்படும். இல்லாவிட்டால் நேரம் காட்டும் பெட்டியாகத்தான் அலமாரியில் இருக்கும்.

வெளிநாட்டுச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். நார்வேயில் தேசிய வானொலி நிலையங்கள் 2017ல் பண்பலையை விட்டு டிஏபிக்கு மாறிவிட்டன. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 இறுதியில் பண்பலையை நிறுத்தியது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நாடுகள் அவை. பல கோபுரங்களைப் பல அலைவரிசைகளில் பராமரிப்பது செலவு. நம் பண்பலை நிலையங்கள் புக்கிட் பாத்தோக் கோபுரத்திலிருந்தே தீவு முழுவதற்கும் போய்ச் சேர்கின்றன. அவர்கள் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு.

எனவே நமக்கு உண்மையான போட்டி பண்பலைக்கும் இணையத்துக்கும்தான்.

‘டிஜிட்டல் என்றால் தெளிவு’ என்று பலரும் நினைக்கிறார்கள். இரைச்சல் இருக்காது என்பது உண்மை. ஆனால் இரைச்சல் இல்லாமல் இருப்பதும் ஒலி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல. ஒரு சிடி விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவலைத் தருகிறது. இணைய வானொலிகள் பொதுவாக 64 முதல் 128 கிலோபிட் வரைதான் அனுப்புகின்றன. மிச்சத்தை, ‘காது கவனிக்காது’ என்ற கணக்கில் கழித்துவிடுகிறார்கள். 128ல் நல்ல முறையில் சுருக்கினால் எனக்கே வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். 64ல், அதுவும் பழைய எம்பி3 முறையில் வந்தால், ஜால்ரா சத்தம் தண்ணீரில் நனைந்த மாதிரி இருக்கும். கைப்பேசியில் அது தெரியாது. பெரிய ஸ்பீக்கரில் மறைக்க முடியாது.

பண்பலைக்கும் எல்லை உண்டு. 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை அது அனுப்புவதில்லை. ஸ்டீரியோவுக்கான அடையாள ஒலி 19 கிலோஹெர்ட்ஸில் இருப்பதால் அதற்கு இடம் விட்டாக வேண்டும். இதைச் சொன்னதும் ஹைஃபை பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலான காதுகளுக்கு 15க்கு மேல் எதுவும் கேட்காது என்று நான் சொல்வதில்லை. பந்தியில் சண்டை எதற்கு?

இன்னொரு தொழில் ரகசியம். ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்கள் காதுக்குக் கேட்கும் ஒலி அப்படியே உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நடுவே ஒலியைச் சீரமைக்கும் கருவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய ஒலியை உயர்த்தும், பலத்த ஒலியை அமுக்கும். பிஐஇ விரைவுச்சாலையில் ஏர்கான் ஓடும் காரில் இருப்பவருக்கும் அறிவிப்பாளர் சொல்வது புரிய வேண்டும் அல்லவா? அமைதியான ஹாலில் நல்ல ஸ்பீக்கரில் கேட்டால், இதனால்தான் வானொலிப் பாட்டு சிடியைவிடக் கொஞ்சம் ‘நெருக்கமாக’ ஒலிக்கிறது. எந்த விலையில் எந்தப் பெட்டி வாங்கினாலும் இது மாறாது. இருநூறு வெள்ளிப் பெட்டிக்கும் இரண்டாயிரம் வெள்ளிப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை வானொலியில் தேடாதீர்கள்.

பிறகு எதை வைத்து முடிவு செய்வது? என்னைக் கேட்டால் நேரத்தை வைத்து.

நேரலையில் நேயர் அழைப்பை எடுத்ததும் நாங்கள் முதலில் சொல்வது, “ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க.” முன்பெல்லாம் பின்னணியில் என் குரல் உடனே எதிரொலிக்கும். இப்போது சில வீடுகளில், நான் எப்போதோ சொல்லி முடித்த நகைச்சுவை பின்னணியில் மெதுவாக வந்துகொண்டிருக்கும். இணைய ஒலிபரப்பு பல விநாடிகள் பிந்தித்தான் வரும்; சில சமயம் அரை நிமிடம்கூட ஆகும். துண்டு துண்டாக்கி, சேமித்து, தடங்கல் வராமல் இருக்கக் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டு தருவதால் இந்தத் தாமதம். புத்தாண்டு இரவில் பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்ட பிறகு உங்கள் வானொலி பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தொடங்கும். போட்டிக் கேள்விக்கு விடை தெரிந்தும் வழி கிடைக்காமல் போகிறவர்களில் பலர் செயலியில் கேட்பவர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நேரம் விளையாட்டுக்கு மட்டும் முக்கியமல்ல. பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கும்போது உள்ளூர் வானொலியையோ தொலைக்காட்சியையோ போடச் சொல்கிறார்கள். நிஜமாக ஒரு நாள் அது ஒலித்து, அன்று பார்த்து வைஃபை இல்லாமல் போனால், பேட்டரியில் ஓடும் பண்பலைப் பெட்டிதான் பேசும். ஹாலில் என்ன வைத்தாலும், இப்படி ஒரு சின்னப் பெட்டி வீட்டில் இருக்கட்டும்.

என் பெற்றோர் வீட்டுக் கதையைச் சொன்னால் இது இன்னும் புரியும். ஈசூன் வீவக வீட்டைப் புதுப்பித்தபோது அப்பாவின் பழைய டியூனரை எடுத்துவிட்டு, தம்பி ஆசையாக இணைய ஒலிபரப்புக் கருவி ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தான். நல்ல கருவி, நல்ல ஒலி. அப்பா உடனே சென்னை நிலையங்களைத் தேடிப் பிடித்துவிட்டார். அம்மாதான் மெல்ல மெல்லக் கேட்பதையே விட்டுவிட்டார். நான் காலை நிகழ்ச்சியில் இருந்த மாதங்கள் அவை. ஒரு நாள் சமையலறையில் கேட்டேன், ஏன் இப்போதெல்லாம் போடுவதில்லை என்று. “கைப்பேசிய எடுக்கணும், கண்ணாடி போடணும், அந்தச் செயலியத் திறக்கணும். ஈரக் கையோட எங்கம்மா அதெல்லாம்? உன் குரலக் கேக்க நாலு தடவ தட்டணுமா?” என்றார்.

அவருக்கு வேண்டியது ஒரு பொத்தான். அழுத்தினால் பேச வேண்டும்.

டியூனர் திரும்பி வந்தது. தம்பியின் கருவியும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் இரண்டுக்கும் இடம் உண்டு. காலையில் 96.8, மாலையில் அப்பாவின் சென்னை. நான் யாருக்கும் சொல்லும் யோசனையும் இதுதான்: உள்ளூர் நிலையத்துக்குப் பண்பலை, கடல் கடந்த நிலையங்களுக்கு இணையம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வீட்டில் அதிகம் கேட்பவர் யாரோ அவரிடம் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுப்பவரிடம் அல்ல.

பழைய டியூனர்கள் கேரோசலில் மலிவாகவே கிடைக்கின்றன. சுங்கை ரோடு சந்தை 2017ல் மூடப்படும்வரை அங்கேயும் குவிந்து கிடந்தன. நேரில் போய், ஓட விட்டுக் கேட்டு வாங்குங்கள். தூரத்து நிலையத்தைப் பிடிக்கும் சக்தியைவிட, நெருங்கிய அலைவரிசைகளைப் பிரிக்கும் திறன்தான் இங்கே முக்கியம். ஒரு பக்கம் ஜோகூர், மறுபக்கம் பாத்தாம். நம் வானலையில் கூட்டம் அதிகம்.

இணையக் கருவி வாங்குவதானால், அது நிலையங்களின் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறது என்று விசாரியுங்கள். பல நிறுவனங்களின் பெட்டிகள் ரெசிவா என்ற ஒரே சேவையை நம்பியிருந்தன. 2021ல் அந்தச் சேவை மூடப்பட்டதும், பழுதில்லாத பெட்டிகள்கூட நிலையங்களைத் தேட முடியாமல் தவித்தன. நாற்பது வயது டியூனருக்கு அப்படிப்பட்ட கவலை கிடையாது. தரவுச் செலவு பெரிதல்ல: 128 கிலோபிட்டில் மணிக்கு 58 மெகாபைட் அளவு.

பண்பலையில் இரைச்சல் என்று புகார் சொல்பவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது பெட்டியின் பின்புறம். பாதிப் பேர் வீட்டில் ஏரியல் கம்பி சுருட்டியபடியே கிடக்கும். டி வடிவக் கம்பி ஏரியல் சில வெள்ளிதான். அதன் இரண்டு கைகளையும் விரித்தால் ஒன்றரை மீட்டர் வரும், 96.8க்கு அதுதான் சரியான நீளம். சன்னலை ஒட்டி, தொலைக்காட்சியிலிருந்தும் வைஃபை பெட்டியிலிருந்தும் தள்ளி, படுக்கைவாட்டில் விரித்து ஒட்டுங்கள். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கரகரத்தால் எதிர்ப் புளோக்கில் பட்டுத் திரும்பும் அலை குழப்புகிறது என்று அர்த்தம். கம்பியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், அரை அடி நகர்த்தினாலே மாறும்.

அப்படியும் இரைச்சல் மிஞ்சினால் மோனோ பொத்தானை அழுத்திவிடுங்கள். பண்பலையில் இரைச்சலின் பெரும்பகுதி ஸ்டீரியோவோடு வருவது. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் 1978ல் வந்த ‘ப்ரியா’ படத்துடையவை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதுவும் சிங்கப்பூரில் எடுத்த படம். ஐம்பது, அறுபதுகளின் பாடல்கள் பிறந்ததே மோனோவில்தான். இரவில் பழைய பாடல் நிகழ்ச்சி ஓடும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால், இரைச்சல் போகும், பாட்டில் எதுவும் குறையாது.