1818 ஓரணா என்று ஒரு காசே கிடையாது

படூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கூரியர் உறையைப் பிரித்து, ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, யுகே, ஒன் அணா, 1818’. ஆன்லைனில் 4,500 ரூபாய். “கும்பினிக் காசு தம்பி, ரொம்ப அபூர்வமாம்” என்றார்.

கும்பினி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. அதன் காலத்தில் நம் பக்கம் வெகுகாலம் வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. அரசாங்கத்தின் ஓரணா நாணயம் புழக்கத்துக்கு வந்ததே 1907-ல், ஏழாம் எட்வர்டு தலையோடும் நெளிந்த விளிம்போடும். ராமர் காசு வெறும் வழிபாட்டு வில்லை. இதையே அதிசய சக்தியுள்ள ‘அரிசி இழுக்கும் காசு’ என்று சொல்லி லட்சம் லட்சமாகக் கறப்பவர்களும் உண்டு.

காசு அசலாக இருந்தும் விளம்பரம் பொய்யாக இருக்கலாம். சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமில் அடித்த 1808-ஆம் ஆண்டு இருபது காசு அப்படித்தான். அவற்றை ஏற்றிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அதிலிருந்து குவியல் குவியலாக எடுத்தார்கள். அதை ‘உலகில் சிலதே உள்ளது’ என்று விற்றால் எப்படி நம்புவது?

உண்மையிலேயே அரிதான 1939 வெள்ளி ரூபாயில் இன்னும் நுட்பமான வேலை நடக்கிறது. 1938-ன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குகிறார்கள். அதில் இரண்டு ஒன்பது இருக்குமே, லென்ஸ் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வார்த்தெடுத்த போலி என்றால் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். தராசில் வைத்த படமும் விளிம்பின் படமும் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் காசு வேண்டாம்.

விற்கப் போனாலும் வலை விரித்திருக்கிறார்கள். 2012-ன் வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, முதலில் ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும்கூடப் போட்டுக்கொள்வார்கள். இப்படிப்பட்ட பேரங்களில் தனக்குப் பங்கே இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டு 4-ஆம் தேதியே அறிவித்துவிட்டது.

பெரியவர் அன்றே இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிந்தார். ராமர் வில்லை இப்போது அவர் பூஜையறையில் இருக்கிறது.