கொட்டகுடி ஆறும் கொசு உள்ளானும்

உங்கள் முன்னே ஓடும் கொட்டகுடி ஆறு குரங்கணி மலைச்சரிவில் இறங்கி, போடியைத் தொட்டு, வைகையோடு சேர்கிறது. வெள்ளம் வரும் ஆண்டுகளில் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சத்தைப் பாக் நீரிணையில் விடும். அந்தக் கண்மாயும் கடலோரச் சேற்றுப் பரப்பும்தான் வலசைப் பறவைகளுக்குப் பந்தி. இந்த ஆற்றின் வழியே, இந்த மலையின் சோலைக் காட்டுக்கும் அந்தப் பந்தியில் பங்கு உண்டு.

அந்த வலசைப் பறவைகளில் ஒன்றான கொசு உள்ளானைப் பாருங்கள். எடை சுமார் 25 கிராம், ஒரு கைப்பிடி ஏலக்காய்! ஆனால் வருவது சைபீரியாவின் வடகோடியிலிருந்து.

இந்தப் பறவைகளைக் காப்பது ஒருவர் வேலையல்ல. 2002-இல் ராம்சார் ஈரநிலத் தலமான கோடியக்கரையில் வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பல்லாண்டுகளாகச் சேர்ந்து உழைக்கின்றன. 2025-இல் தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயமானது. குளிர்காலக் கணக்கெடுப்பில் கல்லூரி மாணவர்களும் விடியலிலேயே சேற்றில் நிற்கிறார்கள். ஆய்வாளர்கள், வலையில் சிக்கிய பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய வளையம் மாட்டி, எடை பார்த்து, உள்ளங்கையைத் திறக்கிறார்கள், பறந்துவிடுகிறது.