உலையில் அரிசி, குதிர் காலி

ஹீமோகுளோபின் 12.4. கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 12 கிராம் என்பதால், லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து எதுவுமில்லை. "ரத்தமெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். காலையில் எழும்போதே வரும் அசதி மட்டும் போகாது.

இரும்புச்சத்து குறையத் தொடங்கினால், உடல் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும் சேமிப்பை எடுத்துச் செலவழித்து ஹீமோகுளோபினைக் கடைசிவரை தாங்கிப்பிடிக்கிறது. உலையில் அரிசி கொதிக்கும், குதிர் காலியாகியிருக்கும். குதிரை எட்டிப்பார்க்க ஃபெரிட்டின் என்ற புரதத்தை அளக்கிறார்கள். பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள்.

ஃபெரிட்டினையும் அப்படியே நம்பிவிட முடியாது. தொற்றோ அழற்சியோ இருந்தால் அது தானாக ஏறிக்கொள்ளும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அப்படிப்பட்டவர்களுக்கு எல்லையை 70 ஆக உயர்த்திவைத்தது. காய்ச்சலோடு போய் எடுத்த டெஸ்டில் ஃபெரிட்டின் 50 என்று வந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

கால்சியம் இன்னும் கள்ளத்தனமானது. உடலின் கால்சியத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் சற்றே குறைந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். தள்ளுபடி விலை 'முழு உடல் பரிசோதனை'யில் வரும் கால்சியம் அளவை வைத்து எலும்பைப் பற்றி முடிவுகட்டுவது, அடகுக்குப் போன நகையை மறந்துவிட்டுக் கையிலிருக்கும் பணத்தை எண்ணுவதுபோலத்தான். எலும்பின் அடர்த்தியை அறியத் தனி ஸ்கேன் உண்டு.

வைட்டமின் ஏ விஷயத்தில் சில நேரம் ஊசியே வேண்டாம். கல்லீரல் இருப்பு வற்றும்வரை ரத்த அளவு பெரிதாக இறங்காது. ஆனால் பொழுது சாய்ந்ததும் பிள்ளை தட்டுத்தடுமாறுவதைத் தாய் கவனித்திருப்பாள். ஆய்வாளர்கள் அதைத்தான், அந்தந்த ஊர்ச் சொல்லிலேயே கேட்கிறார்கள். தமிழில் அதற்கு மாலைக்கண் என்ற பெயர் எப்போதோ வந்துவிட்டது.

அயோடினுக்குச் சிறுநீர். சாப்பிட்ட அயோடினில் 90 சதவீதத்துக்கு மேல் அதில்தான் வெளியேறுகிறது. ஒரு குழந்தையின் ஒருநாள் மாதிரி, அண்மையில் அது என்ன சாப்பிட்டது என்பதை மட்டுமே சொல்லும். நூற்றுக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளின் மாதிரிகளை வரிசைப்படுத்தி நடு அளவைப் பார்த்தால், அது லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், கேள்வி அந்த ஊர்க் கடைகளில் விற்கும் உப்பை நோக்கித் திரும்புகிறது.