கலப்பெயர்களும் உரிமைக் குறிப்பும்

நீரூர்திகளுக்கு மக்கள் இடும் பெயர்கள் அழகு கருதி இடப்படுவன என்பது பொதுவான எண்ணம். அவை உரிமையைப் புலப்படுத்தும் குறிகளாகவும் செயற்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் எனவும், அவற்றைப் பொது, சிறப்பு எனவும் பகுக்கும். சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதையில் வையைப் பெருந்துறையில் இயங்கிய பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி ஆகியன கூறப்படுகின்றன. முகப்பின் விலங்குருவால் அமைந்த இவை காரணப் பொதுப்பெயர்கள்; தனியொரு கலத்தையோ அதன் உரியவரையோ சுட்டுவன அல்ல. அவ்வம்பிகள் இயங்கிய துறையில் கோவலனும் கண்ணகியும் மரப்புணையிலேயே ஆற்றைக் கடக்கின்றனர். மதுரையின் வளம் பெயர் பெற்ற ஓடங்களாலும், வந்தவர்தம் எளிமை பெயரற்ற புணையாலும் உணர்த்தப்படுகின்றன.

தனிக்கலத்துக்குரிய சிறப்புப்பெயரில் உரிமைக் குறிப்பு வெளிப்படையாகிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல் ‘அன்னபூரணி’. உணவு நிறைந்தவள் எனப் பொருள்படும் இப்பெயர் தெய்வத்துக்கும் குடும்பப் பெண்டிர்க்கும் பொதுவானது. சரக்கேற்றிப் பிழைக்கும் கலத்துக்கு மிகப் பொருந்துவது. இதனை விலைக்கு வாங்கிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் 1938இல் அக்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கட்டிய கைகளும் செலுத்திய கைகளும் தமிழருடையனவாக இருந்தும், பெயரிடும் உரிமை வாங்கியவரிடம் சென்றது.

இதற்கு மாறான சான்று தூத்துக்குடியில் கிடைக்கிறது. வ.உ.சிதம்பரனார் 1906இல் நிறுவிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் அயற்பெயர்களுடனேயே இயங்கின. ‘காலியா’ பிரான்சு நிலப்பகுதியின் பழைய இலத்தீன் பெயர். ஆயினும் மக்கள் அவற்றைச் ‘சுதேசிக் கப்பல்’ என்றே வழங்கினர். உடலில் எழுதிய பெயர் பிறருடையதாயினும், வழக்குப்பெயர் உரிமையை நிலைநாட்டியது.

எனவே கலப்பெயர் ஆய்வில் எழுதிய பெயரை மட்டும் தொகுப்பது போதாது. பெயரிட்டவர், பெயர் மாற்றியவர், மக்கள் வழங்கிய பெயர் ஆகிய மூன்றையும் ஒருங்கே பதிவு செய்தல் வேண்டும். அன்னபூரணியின் முதற்பெயர் அழிந்திருப்பின், அதைக் கட்டிய ஊரின் கப்பற்கலையும் வரலாற்றில் மறைந்திருக்கும்.