எவ்வளவு நேரம் உட்காரப் போகிறீர்கள்?

பெங்களூர் அல்சூரில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடை பெஞ்சுக்கு ஒரு விதி உண்டு. எழுந்திருக்கும் முன் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எழுந்தால் ஓரத்தில் இருப்பவர் தரைக்கு வந்துவிடுவார், பெஞ்சின் மறுமுனை அந்தரத்தில் நிற்கும். போன ஞாயிறு என் அக்கா மகன் அப்படித்தான் பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். பேகூர் பக்கம் ஃபிளாட் வாங்கிக் குடியேறியிருக்கிறான். "மாமா, ஹாலுக்கு பெஞ்ச் போடறதா, செட்டீ போடறதா?" என்று கேட்க வந்தவன்.

"முதல்ல குனிஞ்சு காலைப் பாரு" என்றேன். பலகை ஆறடி. கால்களோ இரண்டு முனையிலிருந்தும் ஒன்றரை அடி உள்ளே தள்ளி நிற்கின்றன. காலுக்கு வெளியே நீண்டிருக்கும் பலகையில் ஆள் உட்கார்ந்தால் அது பெஞ்ச் இல்லை, ஏற்றம். முனையிலிருந்து அரை அடிக்குள் கால் இருந்தால் இந்தக் கூத்து நடக்காது. கடையில் பெஞ்ச் வாங்கும்போது ஓரத்தில் ஒரு முறை தொப்பென்று உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பெஞ்சா செட்டீயா என்பது அழகைப் பற்றிய கேள்வி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் அது நேரத்தைப் பற்றியது. இந்த ஊர் தர்ஷினி ஹோட்டல்களைப் பாருங்கள். நாற்காலியே கிடையாது. நின்றபடி இட்லி வடை, பை-டூ காபி, பத்து நிமிஷத்தில் ஆள் வெளியே. இருக்கை இல்லாததுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம். வீட்டிலும் அதே கணக்குத்தான். முதுகு சாய இடமில்லாத பெஞ்சில் பத்திருபது நிமிஷத்துக்கு மேல் யாரும் நிலையாக உட்கார மாட்டார்கள். சாய்மானமும் கையும் வைத்த செட்டீயில் உட்கார்ந்தவர் இரண்டாவது காபி கேட்பார்.

அதனால் வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு மாட்டும் இடத்தில், பெஞ்ச். சாப்பாட்டு மேஜைக்கு ஒரு பக்கம் பெஞ்ச், மறு பக்கம் நாற்காலி. சாப்பிட்டு முடித்ததும் பெஞ்சை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டால் சின்ன ஹாலில் ஒன்றரை அடி மிச்சம். ஆனால் அம்மா அப்பா வந்து தங்கும் வீடென்றால் அவர்களை பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். ஊன்றி எழுந்திருக்க அவர்களுக்குக் கை வைத்த ஆசனம் வேண்டும்.

அளவுகளை டீ கிளாஸை வைத்துவிட்டு விரல் விட்டுச் சொன்னேன். தரையிலிருந்து பலகை 17, 18 அங்குலம். மேஜை 30 அங்குலம் என்றால் நடுவில் தொடைக்கு 12 அங்குலம் கிடைக்கும், அது போதும். ஆளுக்கு இரண்டு அடி அகலம். நாலடி பெஞ்சில் இருவர் சௌகரியம், மூவர் கல்யாண வீடு. பெஞ்சின் ஆழம் 15 அங்குலம் போதும். செட்டீக்கு 20க்குக் குறையக் கூடாது. குறைந்தால் சாய்வதற்கு இடமிருக்காது.

பிரம்பு பின்னிய செட்டீதான் எனக்குப் பிடித்தது. கண்ணியில் காற்று புகும், முதுகு வேர்க்காது. முதுகுப்பக்கமும் பிரம்பாக இருந்தால் ஹாலின் நடுவில் தடுப்பு மாதிரிப் போடலாம். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே மறுபக்கம் விழும். பிரம்பு தொய்ந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆசனத்தின் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக ஈரப்படுத்தி ஒரு நாள் நிழலில் உலரவிடுங்கள். உலரும்போது சுருங்கி இறுகிவிடும். அறுந்திருந்தால் மட்டும் புதுசாகப் பின்ன வேண்டும். நேர் வெயிலில் மட்டும் போடாதீர்கள். பெங்களூரின் மார்ச், ஏப்ரல் வறட்சியில் பிரம்பு நொறுங்க ஆரம்பிக்கும்.

மெத்தை போட்டால் கடையில் "40 டென்சிட்டி ஃபோம்" என்பார்கள். ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ என்று அர்த்தம். உட்காரும் பகுதிக்கு அது சரி. சாய்மானத்துக்கு 32 போதும்.

"லால்பாக்ல இருக்கிற மாதிரி கல் பெஞ்ச் பால்கனில போட்டா எப்படி?" என்றான். ஆசை நியாயமானதுதான். தேவனஹள்ளி பக்கத்து சாதரஹள்ளிக் கல் இந்த ஊர்க் கட்டடங்களுக்குப் பழகிய கல். ஆனால் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலக் கனத்தில் ஒரு கிரானைட் பலகை போட்டால் பலகை மட்டும் சுமார் 115 கிலோ. அதற்குக் காலும் கல். அதன்மேல் நாம் வேறு. தரைத்தளம் என்றால் தாராளமாகப் போடலாம், அந்தக் காலத்து ஜகலி, நம் ஊர்த் திண்ணை திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஒன்பதாம் மாடிப் பால்கனி என்றால் கட்டட எஞ்சினியரைக் கேட்காமல் தொடாதே என்றேன். முகம் வாடிவிட்டது. மர பெஞ்ச் போடு, பக்கத்தில் துளசித் தொட்டி வை, போதும்.

கடைசியாக, என் சொந்த அனுபவம். சில வருஷத்துக்கு முன் ஆறரை அடி தேக்கு செட்டீ வாங்கினேன். வண்டியில் வந்து இறங்கியது, லிஃப்டில் நுழையவில்லை. நிமிர்த்தினால் மேலே இடித்தது, சாய்த்தால் கதவு மூடவில்லை. படிக்கட்டுத் திருப்பத்திலும் எளிதில் திரும்பவில்லை. நாலு பேர் ஐந்து மாடி தூக்கி, கைப்பிடிச் சுவரில் மோதி, செட்டீயின் ஒரு கை உடைந்தது. கழற்றி மாட்டும் வகை வேண்டுமென்று முதலிலேயே கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். கேட்கவில்லை.

ஆகவே ஹாலை அளப்பதற்கு முன் லிஃப்ட் கதவின் அகலம், உள்ளே குறுக்காக எவ்வளவு, மாடிப்படித் திருப்பம், வீட்டு வாசல் நிலை, இந்த நாலையும் டேப் வைத்து அளந்து, சீட்டில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.